துவக்கு: முத்துக்கரையில் சொல் மட்டும் எஞ்சிய ஒரு கைத்தொழில்

கொழும்போடு வணிகம் செய்து வாழ்ந்த நம் பெரியோரின் பேச்சில் ‘துப்பாக்கி’ என்பதைவிடத் ‘துவக்கு’ என்பதே இயல்பாக வரும். இலங்கைத் தமிழில் இன்றும் அதுவே வழக்கு. இரு சொற்களுக்கும் வேர் ஒன்றுதான். துருக்கியர் ‘துஃபெக்’ என்று வழங்கிய சொல் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்து இவ்விரு வடிவங்களையும் எடுத்தது. காயல்பட்டினம், தூத்துக்குடி, கீழக்கரை எனத் தொடரும் இந்த முத்துக்கரையின் வரலாற்றை நானூறு ஆண்டுகள் திருப்பிப் போட்ட கருவி அது. ஆயினும் நம்மிடம் இன்று சொல் மட்டுமே எஞ்சியுள்ளது. அக்கருவியைக் கையால் செய்த கொல்லர் ஒருவரின் பெயரையேனும் நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லக் கேட்டதில்லை. அது ஏன் என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தத் துவக்கு எத்தகையது என்பதை அறிவோம். இன்றைய துப்பாக்கிக்குத் தோட்டாவைப் பின்புறமாக இடுகிறார்கள். பழைய துவக்குக்கோ எல்லாம் குழலின் வாய்வழியேதான். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த மருந்தை அளந்து குழலுக்குள் கொட்டி, அதன்மேல் ஈயக்குண்டை இட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்க வேண்டும். இவ்வாறு இடிப்பதனால்தான் இலங்கையின் வன்னிப் பகுதியில் அதற்கு ‘இடியன் துவக்கு’ என்று பெயர். குழலின் அடியில் பக்கவாட்டில் ஒரு சிறு துளை. அதன் அருகே கிண்ணம் போன்ற குழிவில் சிறிது மருந்து. தொடக்க காலத்தில் புகைந்துகொண்டிருக்கும் திரி அக்கிண்ணத்தில் விழுந்து தீ மூட்டிற்று. பின்னர், எஃகில் மோதும் சிக்கிமுக்கிக் கல் அவ்வேலையைச் செய்தது. குழலின் உட்புறத்தில் திருகு வரிகள் வெட்டப்பட்டிருந்தால்தான் அது ‘ரைஃபிள்’. நம் நாட்டில் செய்யப்பட்ட பழைய துவக்குகளில் பெரும்பாலானவை உட்புறம் வழுவழுப்பானவை.

அதன் உயிர் குழலில் இருக்கிறது. கொல்லர் இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, ஒரு கம்பியின் மீது சுற்றி, விளிம்போடு விளிம்பு சேரும்வரை அடித்து இணைப்பார். பின்பு உட்புறத்தைத் துளைக்கருவியால் கடைந்து நேராக்கி, அடிப்பகுதியைத் திருகாணியால் அடைப்பார். இணைப்பில் மயிரளவு பிளவு இருந்தாலும், முதல் வெடியிலேயே குழல் பிளந்து சுடுபவரின் கையையும் கண்ணையும் கொண்டுபோய்விடும். வாங்குபவர் அந்தப் பிளவைக் கண்ணால் காண இயலாது. ஆகவே துவக்கு வாங்கியவர் உண்மையில் வாங்கியது கொல்லரின் நாணயத்தைத்தான். நம் மார்க்கம் அமானிதம் என்று சொல்லும் பொறுப்பு அந்த உலைக்களத்தில் இரும்பின் வடிவில் இருந்தது.

இக்கருவி நம் கரைக்கு வந்த வரலாறு கசப்பானது. 1498இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் இறங்கினர். 1510இல் கோவாவைக் கைப்பற்றி, அங்கிருந்த ஆயுதச் சாலையைத் தமதாக்கிக்கொண்டனர். இந்தியக் கொல்லரின் கைத்திறனும் ஐரோப்பிய விசை அமைப்பும் அங்கே ஒன்று கலந்தன. அக்கலப்பில் பிறந்த திரித் துப்பாக்கியின் சாயலைக் கிழக்கே நெடுந்தொலைவு வரை காணலாம். 1543இல் ஜப்பானின் தனேகஷிமா தீவில் போர்த்துகீசியர் கொண்டு இறங்கிய துப்பாக்கியும் இவ்வழி சென்றதே. 1530களில் முத்துக்குளிப்பின் உரிமை பற்றிய பூசலில் பரதவர் போர்த்துகீசியரின் காவலை நாடிக் கிறித்தவம் தழுவினர். 1538இல் இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள வேதாளைக் கரையில் மரக்கார்களின் கப்பற்படை போர்த்துகீசியரிடம் தோற்றது. அவ்விழப்பை ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் தமது ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். முத்துக்கரையில் நம் முன்னோர் பெற்றிருந்த மேலாண்மை அன்று முதல் தேயத் தொடங்கியது.

எனினும், ஆயுதத்தால் வெல்லப்பட்டவர்கள் அந்த ஆயுதத்தைச் செய்யக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆகவில்லை. மன்னார் வளைகுடாவின் மறுகரையில் அது வியக்கத்தக்க உயரத்தை எட்டியது. சிங்களக் கொல்லர் செய்த துவக்குகள் தம்மவர் செய்வதினும் மேலானவை என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் தியோகோ டோ கோட்டோவே ஒப்புக்கொண்டு எழுதினார். அத்துவக்குகளை இன்று அருங்காட்சியகத்தில் கண்டால் ஒரு பார்வையில் அடையாளம் காணலாம். தோளில் பதியும் கட்டையின் முனை இரண்டாகப் பிரிந்து இரு சுருள்களாக வளைந்திருக்கும். விசை அமைப்பு பெரும்பாலும் இடப்புறம் இருக்கும். கட்டையில் தந்தமும் வெள்ளியும் பதித்த கொடிவேலை படர்ந்திருக்கும்.

1765இல் ஒல்லாந்தர் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற பொருள்களில் ‘மகா துவக்கு’ எனப்படும் பெரிய துப்பாக்கிகள் இரண்டும் இருந்தன. அதே ஒல்லாந்தர்தாம் 1658 முதல் தூத்துக்குடியையும் அதன் முத்துக்குளிப்பையும் ஆண்டுகொண்டிருந்தனர். அவ்விரு துவக்குகளும், புகழ்பெற்ற கண்டிப் பீரங்கியும், வாள்கள் முதலிய பிறவும் இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் 2023இல் நெதர்லாந்து அரசால் இலங்கைக்குத் திருப்பி அளிக்கப்பட்டன. பறித்தவர் மனமுவந்து திருப்பித் தருமளவுக்கு அவற்றின் மதிப்பு நின்று நிலைத்திருக்கிறது. அந்த மதிப்பில் ஒரு பெரும்பங்கு கொல்லரின் கை தந்தது.

மேற்கே மைசூரில் இன்னொரு காட்சி. திப்பு சுல்தானின் தலைநகரில் செய்யப்பட்ட சிக்கிமுக்கித் துப்பாக்கிகளில் அவ்வரசின் பெயரும், நபிகளார் (ஸல்) அவர்களின் பிறப்பை முதலாகக் கொண்டு திப்பு கணக்கிட்ட மவ்லூதி ஆண்டும், செய்த கைவினைஞரின் பெயரும் வெள்ளியிலும் பொன்னிலும் பதிக்கப்பட்டன. சையித் மஅசூம் என்பார் அவர்களுள் ஒருவர். அவர் செய்த ஒரு துப்பாக்கியில் ஒரே குழலுக்குள் இரண்டு வெடிகளை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுத் தனித்தனியே சுட முடியும். 1799 மே 4ஆம் நாள் சுல்தான் ஷஹீதானார். அரண்மனைப் பொருள்கள் கொள்ளை போயின. எனினும் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இலண்டன் ஏலக்கூடத்தில் அத்துப்பாக்கி வைக்கப்பட்டபோது, அரசனின் பெயரோடு சேர்த்துச் சையித் மஅசூமின் பெயரையும் உலகம் வாசித்தது. தொழிலாளியின் பெயரைப் பொறிக்கும் இடத்தை அந்த அரசு அவருக்குத் தந்திருந்ததே அதற்குக் காரணம்.

நம் பக்கத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதே 1799இன் அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இன் தொடக்கத்தில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஓட்டப்பிடாரத்துக்கு அருகிலுள்ள பாஞ்சாலங்குறிச்சியில் இடிக்கப்பட்டிருந்த கோட்டை சில நாள்களில் மீண்டும் எழுந்தது. கும்பினியாரிடமிருந்த தூத்துக்குடியும் அவர்கள் கைக்கு வந்தது. நெடிய ஈட்டிகளும் திரித் துப்பாக்கிகளும் ஏந்தியவர்கள், மார்ச் 31ஆம் நாள் பீரங்கிகளோடு வந்த படையைப் பெருஞ்சேதத்துடன் பின்வாங்கச் செய்தனர். மே 24இல்தான் கோட்டை விழுந்தது.

அதன் பின் வந்ததே நம் கேள்விக்கு விடை. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் தரைமட்டமாக்கப்பட்டன. ஆயுதம் தாங்கும் உரிமை பறிக்கப்பட்டது. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் அதனை நாடு முழுவதற்கும் விரித்தது. ஆயுதம் வைத்திருக்க மட்டுமன்றி, அதைச் செய்யவும் விற்கவும் உரிமம் கட்டாயமாயிற்று. வாங்குவாரில்லாத தொழிலை எந்த மகன் தந்தையிடம் கற்பான்? துவக்குக் குழல் கடைந்த கைகள் கொழுமுனைக்கும் வண்டிப் பட்டாவுக்கும் திரும்பின. போர்க்களத்தில் அழிந்தவை கோட்டைகள் மட்டுமே. உலைக்களத்துக் கல்வி சட்டத்தின் சொற்களால் ஓசையின்றி அணைந்தது.

அணையாமல் தப்பிய இடமும் ஒன்றுண்டு. குடகு நாட்டின் கொடவர்களுக்கு ஆங்கிலேயர் அளித்த விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019இல் ஒன்றிய அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அவ்விலக்கு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அங்கே முப்பாட்டனின் துப்பாக்கி குடும்பச் சொத்து. ஆண்டுதோறும் ‘கைல்பொள்த்’ விழாவில் அதைத் துடைத்துப் பூச்சூட்டுகிறார்கள். ஆயுதத்துக்குப் பூச்சூட்டுவது நம் வழக்கமன்று. ஆனால் ஒரு பொருளையும் அதன் வரலாற்றையும் தலைமுறை தலைமுறையாகத் துடைத்துக் காக்கும் அக்கறை நாம் கற்கத்தக்கது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழந்துவக்கைப் போற்றுவதாகச் சொல்லி ஆயுத மோகத்தை வளர்ப்பது நம் கருத்தன்று. இரும்பில் கடும் வலிமையும் மக்களுக்குப் பயன்களும் உள்ளன என்று இறைமறையின் ‘அல்ஹதீத்’ அத்தியாயம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. தாவூது நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கித் தந்த அல்லாஹ், அவர்களுக்குக் கற்பித்தது கவசம் செய்யும் தொழிலை. அதன் வளையங்களைச் சரியாக அளந்து கோக்குமாறும், நற்செயல் புரியுமாறும் ஒருசேரப் பணித்தான். அளவில் பிழையாத கையும் பிழையாத வாழ்வும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்பட்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். அம்போடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ நடப்பவர் எவரையும் காயப்படுத்தாதவாறு அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும், விளையாட்டாகக்கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது என்றும் நம் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உடைமையைவிட ஒழுக்கத்தை முன்வைத்த அந்த வழிகாட்டலே நம் அளவுகோல்.

ஆகவே, எவர் வீட்டுப் பரணிலாவது பாட்டனார் காலத்துத் துவக்கு ஒன்று கிடந்தால், அதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். உள்ளே பழைய மருந்து இறுகிக் கிடக்கலாம், அது வெடிக்கக்கூடும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சுடக்கூடிய நிலையிலுள்ள துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்குப் பயிர்க்காவலின் பொருட்டு உரிமம் வழங்க அச்சட்டம் தனியே இடம் தருகிறது. பழுது பார்த்தாலும் சுட இயலாத தொன்மையான ஆயுதத்துக்கு அச்சட்டம் விலக்களிக்கிறது. எது எவ்வகை என்பதை நாமே முடிவு செய்யாமல் காவல் நிலையத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டறிவது கடமை. சட்டத்துக்குப் புறம்பாக ஒளித்து வைப்பது நினைவைக் காப்பதாகாது.

மற்றொன்றும் செய்யலாம். துவக்குக் கொல்லரின் பெயர்கள் நம் கரையில் கரைந்துபோயின. தோணி கட்டிய ஓடாவியர், பாய் நெய்த தாய்மார், முத்துக்குத் துளையிட்டவர், பள்ளிவாசலின் கதவைச் செதுக்கிய ஆசாரி ஆகியோர் பலரின் பெயர்கள் இன்னும் முதியோர் நினைவில் உள்ளன. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் உங்கள் வீட்டுப் பெரியவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். வீட்டில் கைவேலையாக வந்த பொருள் ஒவ்வொன்றையும் செய்தவர் யார், எவ்வூரார், என்ன கூலி பெற்றார் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சையித் மஅசூமின் பெயர் வெள்ளியில் பதிந்து நின்றது. நம்மவர் பெயருக்கு ஒரு பள்ளிக் குறிப்பேடும் பேனாவும் போதும்.