சார்ன்லியின் இடுப்பு மூட்டும் டெஃப்ளான் தோல்வியும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்பது, தேய்ந்துபோன தொடை எலும்புத் தலையையும் அது பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் குழியின் மேற்பரப்பையும் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் செயற்கை மூட்டைப் பொருத்துவதாகும். ஓய்வு, ஊன்றுகோல், ஒத்தடம், வலி மாத்திரை ஆகிய எவையும் பலன் தராத நிலையில் கடைசி வழியாகவே இது செய்யப்படுகிறது. உலகெங்கும் இன்று செய்யப்படும் முறையின் அடிப்படை இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் 1958க்கும் 1962க்கும் இடையே உருவானது. அதை உருவாக்கியவர் ஜான் சார்ன்லி (1911–1982). முதல் முயற்சியில் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு அவர் பொருத்திய மூட்டுகள் தோற்றுப்போயின. அந்தத் தோல்வியை விட்டுவிட்டால் இந்தச் சிகிச்சையின் வரலாறு முழுமை பெறாது.

முந்தைய முயற்சிகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடுப்பு மூட்டுத் தேய்வு வந்தவருக்கு மருத்துவர் சொல்லக்கூடியது அதிகமில்லை. ஆஸ்பிரின் கொடுக்கலாம், கைத்தடி பிடிக்கச் சொல்லலாம், எடையைக் குறைக்கச் சொல்லலாம். 1950களின் தொடக்கத்தில் மூட்டுக்குள் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடும் முறை வந்தது. அது சில வாரங்களுக்கு வலியைத் தணித்தது. தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்பக் கொண்டுவரவில்லை. வலி பொறுக்க முடியாத அளவுக்குப் போனால் மூட்டை அசையாதபடி இணைத்துவிடுவது ஒரு வழி. வலி போகும், ஆனால் கால் மடங்காது. நாற்காலியில் உட்கார்வதும் காலுறை அணிவதும்கூடப் பெரும்பாடாகிவிடும். சார்ன்லியே தொடக்கத்தில் மூட்டை இணைக்கும் அறுவையில் பெயர் பெற்றவர்.

மூட்டைச் செயற்கையாக மாற்றும் எண்ணம் பழையது. 1890 வாக்கில் பெர்லினில் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் என்ற மருத்துவர் காசநோயால் அழிந்த மூட்டுகளுக்குப் பதிலாக யானைத் தந்தத்தைப் பொருத்திப் பார்த்தார். கிருமித்தொற்று அந்த முயற்சியைக் கெடுத்தது. பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் வந்த வழி வேறு. ஒரு நோயாளியின் முதுகில் புதைந்திருந்த கண்ணாடித் துண்டை எடுத்தபோது, அதைச் சுற்றி வழவழப்பான மெல்லிய சவ்வு வளர்ந்திருப்பதை அவர் கண்டார். தேய்ந்த தொடை எலும்புத் தலைமேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அங்கும் அப்படியொரு சவ்வு வளராதா என்று எண்ணி 1923இல் செய்து பார்த்தார். கண்ணாடி உடைந்தது. 1938இல் விட்டாலியம் என்ற கலப்பு உலோகத்துக்கு மாறிய பிறகே அம்முறை ஓரளவு நிலைத்தது. அதே ஆண்டு லண்டனில் பிலிப் வைல்ஸ் பந்து, குழி இரண்டையும் துருப்பிடிக்காத எஃகில் செய்து ஆறு நோயாளிகளுக்குப் பொருத்தினார். போர்க்காலத்தில் அவர்களைப் பற்றிய பதிவுகள் தொலைந்துவிட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாரிசில் ஜூதே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் எலும்புத் தலை செய்தார்கள். தொடக்கத்தில் நோயாளிகள் வலியின்றி நடந்ததால் அது வேகமாகப் பரவியது. பிறகு அவை தேயவும் உடையவும் தொடங்கின.

கிறீச்சிட்ட மூட்டு

சார்ன்லியிடம் வந்த ஒரு நோயாளிக்கு ஜூதே வகை மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. அவர் சாப்பாட்டு மேசையில் முன்னே சாயும்போதெல்லாம் அது கிறீச்சென்று சத்தமிடும். அதைக் கேட்கப் பொறுக்காமல் அவருடைய மனைவி அவர் இருக்கும் அறையில் இருப்பதையே தவிர்த்தாராம். கேட்பவருக்கு இது வேடிக்கைக் கதை. சார்ன்லிக்கு அது ஒரு தடயம். சத்தம் வருகிறது என்றால் உராய்வு மிகுதி. உராய்வு மிகுந்தால் ஒவ்வொரு அடியிலும் பந்து எலும்பை முறுக்கும், பிடி தளரும். ஆகவே மூட்டு தளர்வதற்குக் காரணம் அறுவையின் நேர்த்திக் குறைவு அல்ல, வழுக்காத பொருள் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இயற்கை மூட்டில் உராய்வு எவ்வளவு என்று அவர் அளந்தார். பனிக்கட்டியின் மேல் வழுக்கும் சறுக்குக் காலணியின் உராய்வை விடவும் அது குறைவாக இருந்தது. குருத்தெலும்பின் தன்மையும் மூட்டு நீரும் சேர்ந்து அதைச் சாத்தியமாக்குகின்றன. செயற்கைப் பொருளுக்கு மூட்டு நீரின் உதவி கிடைக்காது; பொருள் தானாகவே வழுக்க வேண்டும். அன்று கிடைத்த திடப்பொருள்களில் மிகக் குறைந்த உராய்வு உடையது டெஃப்ளான். ஒட்டாத சட்டிகளில் பூசப்படும் அதே பொருள்தான்.

தொடக்கத்தில் பந்து, குழி இரண்டுக்கும் டெஃப்ளான் உறை போட்டுப் பார்த்தார், அது பலிக்கவில்லை. பின்பு எஃகுப் பந்தும் டெஃப்ளான் கிண்ணமும் கொண்ட அமைப்புக்கு வந்தார். பந்து சிறிதாக இருந்தால் கிண்ணத்தை முறுக்கும் விசையும் குறையும் என்பதால், அதன் விட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து 22.225 மில்லிமீட்டருக்கு, அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்குக்கு, கொண்டுவந்தார். எலும்பையும் உலோகத்தையும் இணைக்க அக்ரிலிக் சிமெண்ட் பயன்பட்டது. அது பல் மருத்துவத்திலிருந்து வந்தது. மான்செஸ்டர் பல் மருத்துவப் பள்ளியின் டென்னிஸ் ஸ்மித் அவருக்கு அதைப் பற்றிச் சொன்னார். இது பசை போல ஒட்டுவதில்லை. இடைவெளிகளில் புகுந்து இறுகி, சுமையைப் பரவலாக எலும்புக்குக் கடத்துகிறது. இந்த வேறுபாட்டைச் சார்ன்லி வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு. எலும்பு முழுப்பரப்பிலும் சுமை தாங்கினால்தான் மூட்டு தளராமல் நிற்கும்.

பலன் வியப்பூட்டியது. ஆண்டுக்கணக்கில் ஊன்றுகோலோடு நடந்தவர்கள் வலியின்றி நடந்தார்கள். விகன் நகருக்கு அருகில் காசநோய் மருத்துவமனையாக இருந்த ரைட்டிங்டனில் சார்ன்லியின் இடுப்பு மூட்டு மையம் உருவானது. 1961இல் லான்செட் இதழில் அவர் தம் முறையை வெளியிட்டார்.

தேய்மானம்

இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நோயாளிகள் வலியோடு திரும்பி வந்தார்கள். எக்ஸ்-ரே படங்களில் எஃகுப் பந்து கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. திறந்து பார்த்தால், உதிர்ந்த டெஃப்ளான் துகள்களைச் சுற்றிப் பாலாடைக்கட்டி போன்ற வெண்மையான திரள் சேர்ந்திருந்தது. அது எலும்பையும் அரித்தது. குறைந்த உராய்வும் குறைந்த தேய்மானமும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. நன்றாக வழுக்கும் பொருள் விரைவில் தேய்ந்தும் போகலாம். சார்ன்லியின் கணக்கில் இருந்த பிழை இதுதான்.

அவர் அதை மறைக்கவில்லை. தோற்ற மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தாமே மீண்டும் திறந்து அகற்றினார். முதல் அறுவையை விடக் கடினமான வேலை அது. எதிரே படுத்திருந்தவர்களோ அவரை நம்பி வந்தவர்கள். வலுவூட்டும் பொருள் கலந்த டெஃப்ளானையும் முயன்றார். ஆய்வுக்கூட எந்திரத்தில் அது நன்றாகத் தாங்கியது. உடலுக்குள் அதுவும் ஏமாற்றியது.

நூற்பாலைக்காரர் கொண்டுவந்த துண்டு

1962 மே மாதத்தில் ஒரு விற்பனையாளர் ரைட்டிங்டனுக்கு வந்தார். லங்காஷயர் துணியாலைகளின் தறிகளில் பொருத்தும் பற்சக்கரங்களுக்கான புதிய பிளாஸ்டிக்கை அவர் விற்றுவந்தார். அது மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். மருத்துவமனைப் பொருள் கொள்முதல் அலுவலர் மூலம் அதன் துண்டு சார்ன்லியிடம் போனது. அவர் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது உதவாது என்று ஒதுக்கினார்.

ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் அதைத் தூக்கி எறியவில்லை. சார்ன்லி வெளிநாட்டுக்குப் போயிருந்த நாள்களில், அந்தத் துண்டைத் தேய்மான எந்திரத்தில் மாட்டி இரவு பகலாக ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடிய பிறகும், டெஃப்ளான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேய்ந்திருக்கவில்லை. சார்ன்லி திரும்பி வந்து பார்த்து மனம் மாறினார். இச்சிகிச்சையின் வரலாற்றில் கிரேவனின் பெயர் சார்ன்லியின் பெயருக்கு வெகு தொலைவில் சிறிய எழுத்தில்தான் வருகிறது, அது நியாயமல்ல.

ஆனாலும் எந்திரத்தை நம்பி ஒருமுறை ஏமாந்தவர் சார்ன்லி. டெஃப்ளான், பாலிஎத்திலீன் இரண்டின் நுண்துகள்களையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். (1940களில் எலும்பு ஒட்டு பற்றி அறியத் தம் கால் எலும்பையே அறுக்கச் செய்து, அதில் சீழ் பிடித்து அவதிப்பட்டவரும் அவர்தான்.) ஒன்பது மாதங்களுக்குப் பின் டெஃப்ளான் இருந்த இடங்கள் கட்டிகளாகக் கைக்குத் தட்டுப்பட்டன, பாலிஎத்திலீன் இருந்த இடத்தில் அப்படி எதுவும் இல்லை. இந்த முடிவை அவர் 1963இல் லான்செட்டில் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1962 நவம்பரில், முதல் பாலிஎத்திலீன் கிண்ணத்தை ஒரு நோயாளிக்குப் பொருத்தியிருந்தார்.

பிற மருத்துவர்கள் உடனே கேட்டார்கள், சார்ன்லி கொடுக்கவில்லை. லீட்ஸ் நகரின் தாக்ரே நிறுவனம் அவருடைய மூட்டுகளைத் தயாரித்தது. 1960களின் பெரும்பகுதியில் அவர் ஒப்புதல் இல்லாமல் எவருக்கும் அவை விற்கப்படவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து முறையைக் கற்றவர்களுக்கே கிடைத்தன. சிலர் இதை ஆணவம் என்றார்கள். முந்நூறு பேருக்கு நேர்ந்ததைக் கண்டவர், அது ஆயிரக்கணக்கானோருக்கு நேரக்கூடாது என்று நினைத்ததாகக் கொள்வதே பொருத்தம்.

கிருமித்தொற்றும் பின்வந்தவையும்

மற்றொரு பெரும் தடை கிருமித்தொற்று. தொடக்க ஆண்டுகளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் அது ஏற்பட்டது. செயற்கை மூட்டில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் மூட்டையே கழற்ற வேண்டிவரும். கிருமி காற்றில் மிதந்து புண்ணில் இறங்குகிறது என்று கருதிய சார்ன்லி, காற்றோட்டக் கருவிகள் செய்துவந்த ஹோவர்த் நிறுவனத்தின் உதவியோடு, வடிகட்டிய காற்று மேலிருந்து பாயும் தனிக்கூடத்தை அறுவை அரங்குக்குள் அமைத்தார். மருத்துவர்களின் மூச்சுக்காற்றை வெளியே உறிஞ்சும் உடைகளும் வந்தன. தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

பாலிஎத்திலீனும் குறையற்றதல்ல. அதன் நுண்துகள்களும் நீண்ட காலத்தில் எலும்பை அரிக்கின்றன என்பது பிற்காலத்தில் தெரிந்தது. 1990களின் இறுதியில் மூலக்கூறுகள் குறுக்காகப் பிணைக்கப்பட்ட வகை அதன் இடத்தைப் பிடித்தது. எந்த மூட்டு எத்தனை ஆண்டு தாங்குகிறது என்று நாடு முழுவதும் கணக்கு வைக்கும் பதிவேட்டை ஸ்வீடன் 1979இல் தொடங்கியது.

சார்ன்லிக்கு 1974இல் லாஸ்கர் விருதும் 1977இல் சர் பட்டமும் கிடைத்தன. பட்டங்களுக்கு அப்பால் அவர் தொடர்ந்து செய்த ஒன்று உண்டு. அறுவை செய்துகொண்டவர்களிடம், தாம் இறந்த பிறகு அந்த மூட்டைப் பரிசோதனைக்குத் திருப்பித் தர ஒப்புதல் கேட்டார். பலர் சம்மதித்தார்கள். அப்படித் திரும்பி வந்த எலும்புகளை அறுத்து, சிமெண்டும் எலும்பும் சந்திக்கும் கோட்டை நுண்ணோக்கியில் பார்ப்பது ரைட்டிங்டனில் நெடுங்காலம் நடந்த வேலையாக இருந்தது.