எழும்பிப் போங்கன்னாங்க, எங்க போறது?

பசறையில் ரெண்டு நாள் விடாம மழை பெஞ்சா எங்க அம்மா தூங்க மாட்டாங்க. லயத்துக்குப் பின்னால இருக்கிற மண்மேட்டை டோர்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு: மீரியபெத்த.

2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி போல, இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மேல் மலை சரிந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த சில பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. புதைந்தவர்கள் எத்தனை பேர் என்பதில்கூட அதிகாரிகளின் கணக்குகள் ஒத்துப்போகவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. "சொன்னோம், அவங்கதான் போகல" என்ற பேச்சு பிறகு எழுந்தது. சரி, ஆனா எங்க போறது?

இதற்கு வரலாறுதான் பதில் சொல்லும். கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் வெள்ளைக்காரன் காட்டை அழித்தான். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த நம்ம ஆட்களைத் தோட்டத்துக்கு வசதியான சரிவுகளில் லயம் கட்டி வைத்தான். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குப் பங்கு பிரித்தது. மிஞ்சியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர 2003 வரை ஆனது. வோட்டு கிடைத்தது, காலடி மண் மட்டும் தோட்டத்துடையதாகவே இருந்தது. சொந்தமா ஒரு பேர்ச் காணிகூட இல்லாதவன் எச்சரிக்கையை வைத்து என்ன செய்வான்?

தப்பியவர்களில் பலர் மாக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் ரெண்டு வருஷம் போல இருந்தார்கள். 75 வீடுகள் கிடைத்தது 2016 ஒக்டோபரில்.

1951 அகதிகள் சாசனத்தில் காலநிலைக்கு இடமில்லை. கிரிபாட்டித் தீவைச் சேர்ந்த யோவானே தெய்தியோட்டா நியூசிலாந்தில் அடைக்கலம் கேட்ட வழக்கில் அவர் தோற்றார். ஆனாலும், காலநிலையால் உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது உயிர்வாழும் உரிமையை மீறலாம் என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2020இல் சொன்னது. நம்ம ஆட்கள் எல்லை தாண்டுவதில்லை. அவர்களுக்குப் பொருந்துவது 1998இன் உள்நாட்டு இடம்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகள். அனர்த்தத்தால் இடம்பெயர்ந்தவர்களையும் அவை சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அவை கோட்பாடுகள், சட்டமல்ல.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் பதுளையில் மலைகள் சரிந்தன. மழை எல்லாருக்கும்தான் பெய்யுது. யாரை எங்கே குடிவைத்தோம் என்பது மட்டும் மனுசன் எடுத்த முடிவு. அதனால காணியுரிமை கேட்பதை வெறும் அரசியல் கோரிக்கை என்று ஒதுக்காதீங்க. மலையகத்தில் அது உயிர்வாழும் உரிமை.