ஜர்னிமேன் என்னும் நாட்கூலி

இஷ் ஸ்மித் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரரை, புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 2010 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. ஆனாலும் பின்வாசல் வழியாக என்.பி.ஏ. லீகுக்குள் நுழைந்து 13 அணிகளுக்கு ஆடிவிட்டார். அத்தனை அணி மாறிய வேறொருவர் அங்கே கிடையாது. பதின்மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்த டென்வர் நகெட்ஸ் 2023-ல் கோப்பையையும் வென்றது. இப்படிப்பட்டவரை அங்கே ‘ஜர்னிமேன்’ என்கிறார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘நாடோடி வீரர்’ என்றுதான் கை போகும். ஜர்னி என்றால் பயணம், ஊர் ஊராகப் போகிறவர் நாடோடி, கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இந்தச் சொல் பிறந்தது வழியில் இல்லை, பட்டறையில்.

பழைய பிரெஞ்சு மொழியில் ‘ஜுர்னே’ என்றால் ஒரு நாள் அளவு. ஒரு நாளில் செய்து முடிக்கும் வேலையையும் அது குறிக்கும், ஒரு நாளில் நடந்து கடக்கும் தூரத்தையும் குறிக்கும். அதற்கும் மூலம், நாள் என்று பொருள்படும் லத்தீன் ‘தியெஸ்’. சொல் ஆங்கிலத்துக்குப் போனபோது இரண்டு பொருளும் கூடவே போயின. ஒரு நாள் நடை என்ற பொருள் நீண்டு நீண்டு இன்றைய ‘ஜர்னி’ ஆயிற்று. ஒரு நாள் வேலை என்ற பொருள் வழக்கொழிந்துவிட்டது. ஒழிவதற்கு முன், 15-ஆம் நூற்றாண்டில், ஒரு பிள்ளையை மட்டும் பெற்றுப் போட்டது. அதுதான் ஜர்னிமேன்: நாள் கணக்கில் கூலி வாங்கும் தொழிலாளி.

நாளேட்டைக் குறித்த ‘ஜர்னல்’, வழக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளும் ‘அட்ஜர்ன்மெண்ட்’ எல்லாம் அதே குடும்பம். சமஸ்கிருத ‘திவஸ’மும் லத்தீன் ‘தியெஸ்’ஸும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆகவே மும்பையின் பாண்டுப் மார்க்கெட்டில் மராத்திக்காரர் சொல்லும் ‘திவஸ்’, நம் வீடுகளில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் திவசம், அமெரிக்க வர்ணனையாளர் வாயில் வரும் ஜர்னிமேனின் முன்பாதி, மூன்றும் தூரத்துப் பங்காளிகள்.

ஐரோப்பாவின் கைத்தொழில் சங்கங்களில் மூன்று படிகள் இருந்தன. கீழே தொழில் பழகும் பையன். இங்கிலாந்தில் 1563-ல் வந்த சட்டம் அவனுக்கு ஏழு வருடப் பயிற்சி விதித்தது. மேலே சொந்தப் பட்டறை வைத்திருக்கும் மாஸ்டர். நடுவில் ஜர்னிமேன்: தொழில் முழுக்கக் கைவந்தவர், பட்டறை மட்டும் தன்னுடையதில்லை. ஜெர்மனியில் இந்த நடுப்படிக்காரர்கள் சில வருடம் ஊர் ஊராகச் சுற்றி வேலை பார்த்தே ஆகவேண்டும் என்ற வழக்கம் இருந்தது. பயணத்தோடு இந்தச் சொல்லைச் சேர்த்துப் பார்க்க அதுவும் இடம் கொடுத்தது.

இளக்காரம் பின்னால் ஒட்டிக்கொண்டது. 1600 வாக்கில் எழுதப்பட்ட ‘ஹாம்லெட்’ நாடகத்திலேயே, மோசமான நடிகர்களைத் திட்டுமிடத்தில் இந்தச் சொல் அரைகுறை வேலைக்காரர் என்ற தொனியில் வருகிறது. பிரிட்டிஷ் குத்துச்சண்டையில் இன்னும் கீழே இறங்கி, வளரும் இளைஞர்களிடம் அடி வாங்குவதற்காகவே கூப்பிடப்படுபவரின் பெயராகிவிட்டது. பர்மிங்காமின் பீட்டர் பக்லி 300 சண்டை போட்டு, 256-ல் தோற்று, 2008-ல் ஓய்வு பெற்றார். எந்த வார இறுதியில் கூப்பிட்டாலும் வந்து, சுற்றுகளை முழுசாக முடித்துக் கொடுப்பவர் என்பதுதான் அவருடைய மதிப்பு.

நாளை அளந்து ஆளுக்குப் பெயர் வைப்பது ஆங்கிலேயரின் தனிச்சொத்தில்லை. காலையில் பாண்டுப் பக்கம் ஏதாவது ஒரு நாக்காவில் நின்றால் பல மொழியில் அதைக் கேட்கலாம். நாக்கா என்றால் முச்சந்தி. வேலைக்கு ஆள் பிடிக்கும் இடமும் அதுவே. பெயிண்டர் பிரஷ்ஷை மேலே தெரியும்படி வைத்திருப்பார். கொத்தனாரின் பையிலிருந்து கரணையும் ரசமட்டமும் எட்டிப் பார்க்கும். கருவிதான் அங்கே விலாசம். மராத்தியில் இந்த நாட்கூலி ஏற்பாட்டுக்கு ‘ரோஜந்தாரி’ என்று பெயர். பாரசீகத்தில் ‘ரோஜ்’ என்றால் நாள். பிழைப்பைச் சொல்லும் ‘ரோஜி’யும் வேலையைச் சொல்லும் ‘ரோஜ்கா’ரும் அதிலிருந்து வந்தவை. இந்திக்காரர் ‘திஹாடி’ என்பார், அதுவும் நாள்தான்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தவர்கள் கொண்டுவந்த சொல் ‘அத்தக்கூலி’. அத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அற்றை என்றால் அந்த நாள். காற்று காத்தானதுபோல, நேற்று நேத்தானதுபோல, அற்றைக்கூலி அத்தக்கூலி ஆயிற்று. ‘அன்றாடங்காய்ச்சி’ இன்னும் ஒரு படி மேலே போய், அன்றைய கூலியை அன்றைய கஞ்சியோடு முடிச்சுப் போட்டுவிட்டது.

கூலி என்ற சொல் நமக்கு இழிவாகத் தொடங்கவில்லை. குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அது உடல் வருந்திய முயற்சிக்குக் கிடைக்கும் பலனைக் குறிக்கிறது. விளையாட்டுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. காலனி ஆட்சியில்தான் ‘கூலி’ என்பது சம்பளத்தின் பெயராக இல்லாமல் ஆளின் பெயராக, வசவாக மாறியது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு 1886-ல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இரண்டு பிறப்பிடம் காட்டுகிறது. ஒன்று நம் கூலி. இன்னொன்று கோலி என்ற சாதிப்பெயர். மும்பையின் பூர்வகுடி மீனவர்கள் அந்தக் கோலிகள்தான்.

நாட்கூலி என்பது கூடைப்பந்தில் வெறும் உவமையாக நிற்கவில்லை. என்.பி.ஏ.வில் பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. ஜனவரி தொடக்கத்திலிருந்து அணிகள் அதைப் போடலாம். ஒரு அணி ஒருவரை இரண்டு முறை இப்படி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அந்த சீசன் முடியும்வரை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். டொராண்டோவில் பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்த ஏழடி ஐந்தங்குலக்காரர் சிம் புல்லர், 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியில் இந்தப் பத்து நாள் வழியாகத்தான் நுழைந்தார். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளிக்காரர் என்று செய்தி பறந்தது. ஏப்ரல் 7 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் அவர் களத்தில் நின்றது கடைசிப் பதினாறு விநாடி. மொத்தம் ஆடியது மூன்று ஆட்டம். பிறகு டொராண்டோவின் இரண்டாம்நிலை அணிக்குப் போனார், அங்கிருந்து தைவான் லீகுக்குப் போனார். 15-ஆம் நூற்றாண்டு அர்த்தத்திலேயே அவர் ஜர்னிமேன்.

இந்தியாவில் கூடைப்பந்து தேசியப் போட்டி 1934-லிருந்து நடக்கிறது. மும்பையிலேயே நாக்பாடாவின் சந்துகள் இந்திய அணித் தலைவர் அப்பாஸ் முந்தஸிரைத் தந்தன; 1970-ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது அவருக்குப் போனது. இவ்வளவு பழைய ஆட்டத்தில் அணி மாறிப் பிழைப்பவருக்கு ஏன் நம்மிடம் பெயரே இல்லை? பிழைப்பு வேறு வழியில், முக்கியமாக ரயில்வே வழியாக, வந்ததுதான் காரணம்.

பம்பாயைத் தாணேயோடு ரயிலால் இணைக்கலாம் என்ற எண்ணம், பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் கிளார்க்குக்கு 1843-ல் பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான் முதலில் தோன்றியதாக ரயில்வே வரலாறு சொல்கிறது. பத்து வருடத்தில் வண்டி ஓடியது. அந்த ரயில்வே பின்னாளில் நாட்டின் விளையாட்டுக்காரர்களுக்கு மிகப் பெரிய முதலாளி ஆனது. அதன் விளையாட்டு வாரியம் 1928-லேயே தொடங்கியது. வங்கிகள், போலீஸ், ஓ.என்.ஜி.சி., ராணுவம் எல்லாம் சேர்ந்துகொள்ள, ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்ற சொல் பிறந்தது. கோர்ட்டோரத்தில் ஆட்டக்காரரை இன்றும் அப்படித்தான் அடையாளம் சொல்வார்கள்: ஐ.ஓ.பி. பிளேயர், ஐ.சி.எஃப். பிளேயர். நாளில்லை, மாதச் சம்பளம். அணி மாறுவதில்லை, ஓய்வூதியம்வரை ஒரே ஆபீஸ்.

சென்னையின் அனிதா பால்துரை இதற்கு நல்ல சாட்சி. பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைவரானார், 2017 வரை நாட்டுக்காக ஆடினார், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். வேலை தெற்கு ரயில்வேயில். அதே தெற்கு ரயில்வேயின் கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார், 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு முகாம்களுக்கும் போய்வந்தார். இங்கே ரயில்வே இருந்ததால் அது அவருக்கு ஒரு பயணமாக அமைந்தது, பிழைப்பாக ஆகவில்லை.

இப்போது காற்று கொஞ்சம் மாறுகிறது. பஞ்சாபின் அம்ரித்பால் சிங் ஜப்பானில் ஆடி, 2017-ல் சிட்னி கிங்ஸுக்குப் போனார். அம்ஜோத் சிங் ஜப்பானிலிருந்து ஓக்லஹோமா சிட்டியின் இரண்டாம்நிலை அணிக்குப் போனார். இங்கே 2015-ல் யு.பி.ஏ. என்ற லீக் மும்பை சேலஞ்சர்ஸ், சென்னை ஸ்லாம் என்று நகர அணிகளைக் கட்டியது. 2017-க்குப் பிறகு அது நின்றுபோனது. 2022-ல் கூடைப்பந்து சம்மேளனமே ஐ.என்.பி.எல். தொடங்க, மும்பை டைட்டன்ஸும் சென்னை ஹீட்டும் வந்தன.

இனி இந்த ஆட்டக்காரருக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது? நாடோடி என்பதில் தொழில் இல்லை. அத்தக்கூலியில் நாள் இருக்கிறது, கைத்திறன் இல்லை. நம் கட்டட வேலையிலோ சங்கங்களின் அதே மூன்று படிகள் அப்படியே இருக்கின்றன: சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. மேஸ்திரி போர்த்துகீசிய ‘மெஸ்த்ரே’யிலிருந்து வந்தது. ஆங்கிலத்து மாஸ்டரும் அதுவும் ஒரே லத்தீன் வேரின் பிள்ளைகள். அப்படியானால் ஜர்னிமேனுக்குச் சரிநிகர் கொத்தனார். சம்பளம் நாளுக்குத்தான். ஆனால் சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பது அவர் கையில். தெரியாத கையை எந்த மேஸ்திரியும் மறுநாள் கூப்பிடுவதில்லை. பதின்மூன்று அணிகள் ஒருவரைக் கூப்பிட்டன என்பதை, அவரைப் பன்னிரண்டு அணிகள் விட்டுவிட்டன என்று மட்டும் படித்தால் அந்தப் பெயரின் பாதியைத்தான் படித்திருக்கிறோம்.

ஆனாலும் ஸ்டாண்டில் இருப்பவர்கள் ‘கொத்தனார்’ என்று கூப்பிடப்போவதில்லை. வருடம் ஒரு அணிக்கு ஆடி, அந்தப் பணத்திலேயே பாண்டுப்பில் வாடகை கட்டிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஆட்டக்காரர் இந்த லீகுகளிலிருந்து முதலில் வரட்டும். அவரோடு கோர்ட்டில் இறங்குபவர்கள் ஒரு பெயர் வைப்பார்கள். அதைத்தான் நாமும் எழுதவேண்டியிருக்கும்.