லாஸன், ஹென்றி (1867–1922)

ஆஸ்திரேலியக் கவிஞர், சிறுகதை ஆசிரியர். கடற்கரை நகரங்களுக்கு அப்பால், மக்கள் அருகி வறண்டு பரந்து கிடக்கும் உள்நாட்டு நிலத்தை அந்நாட்டார் 'புஷ்' என்பர். அங்கே மந்தை ஓட்டியும், ஆட்டு ரோமம் கத்தரித்தும், வேலை தேடிக் கால்நடையாக அலைந்தும் ஜீவித்த எளியோரைப் பாடினவர் பலருள், அவர்களுடைய துயரத்தைச் சிறிதும் மறைக்காமல் சொன்னவர் லாஸனே.

நியூ சௌத் வேல்ஸ் மாகாணத்தில், கிரென்ஃபெல் தங்கவயலில், 1867 ஜூன் 17ஆம் தேதி இவர் பிறந்தார். தந்தை நார்வே தேசத்து மாலுமியாயிருந்து தங்கம் தேடி வந்தவர். தாய் லூயிஸா, 1888இல் 'டான்' என்னும் மாதர் பத்திரிகையைத் தொடங்கி, பெண்களின் வாக்குரிமைக்கு உழைத்துப் பிரசித்தி பெற்றவர். ஒன்பதாம் வயதில் காதில் கண்ட நோய், பதினான்கு வயதிற்குள் லாஸனின் செவிப்புலனைப் பெரும்பாலும் போக்கிவிட்டது. பள்ளிப் படிப்பு மிகச் சொற்பம். பின்பு தந்தையோடு கட்டட வேலையும், வண்டிகளுக்கு வர்ணம் பூசும் தொழிலும். ஓசை அடைபட்ட அச்சிறுவன் மனிதரின் முகத்தையும் நடையையும் உற்று நோக்கப் பழகியதே அவருடைய எழுத்துக்கு மூலதனமாயிற்று என்று கருதலாம். எனினும், பாமரர் பேச்சின் தொனியை இத்தனை பிசகின்றிப் பிடித்தவர் காது கேளாதவர் என்பது என்றும் ஆச்சரியமே.

முதற்கவிதை 1887இல் ஸிட்னியின் 'புல்லட்டின்' வாரப் பத்திரிகையில் வெளிவந்தது. 1892இல் அதே பத்திரிகையில், உள்நாட்டு வாழ்வை ரம்மியமானதாகப் பாடிய 'பாஞ்சோ' பாட்டர்ஸனுக்கும், அது வறட்சியும் தனிமையுமே என்று வாதித்த லாஸனுக்கும் கவிதையாலேயே ஒரு விவாதம் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே பத்திரிகாசிரியர் ஆர்ச்சிபால்ட் ஐந்து பவுனும் ரயில் சீட்டும் கொடுத்து அவரைப் பர்க் என்னும் ஊருக்கு அனுப்ப, அங்கிருந்து குவீன்ஸ்லாந்து எல்லையிலுள்ள ஹங்கர்ஃபோர்டு வரை, சுமார் 130 மைல், கடுங்கோடையில் கம்பளி மூட்டையைத் தோளில் சுமந்து அவர் நடந்துபோய், நடந்தே திரும்பினார். அதுவரை அபிப்பிராயமாக இருந்தது அந்நடைக்குப் பின் அநுபவமாயிற்று; 1896இல் வெளிவந்த 'வைல் தி பில்லி பாயில்ஸ்' என்ற கதைத் தொகுதி அதன் விளைவுகளையும் தாங்கியது. வழிப்போக்கர் நெருப்பில் வைத்துத் தேநீர் காய்ச்சும் தகரக் குவளையே 'பில்லி'. கணவன் மந்தையோடு தூரதேசம் போயிருக்க, பாம்பு புகுந்த வீட்டில் குழந்தைகளைக் காத்து இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு தாயைச் சித்திரிக்கும் 'தி டிரோவர்ஸ் ஒய்ஃப்' இத்தொகுதியிலுள்ளது. சந்தமும் எதுகையும் அமைந்த கவிதைகளே லாஸனுக்குப் புகழ் தந்தன; ஆனால் அவருடைய மேதை முழுமையாக விளங்குவது மிகையற்ற இவ்வுரைநடையில்தான்.

1900 முதல் இரண்டாண்டு லண்டனில் வசித்தார். மதுப்பழக்கம் குடும்பத்தைப் பிரித்தது. ஜீவனாம்சம் செலுத்தாமையால் டார்லிங்ஹர்ஸ்ட் சிறையில் பலமுறை அடைக்கப்பட்ட அவர், தம் கைதி எண்ணான 103ஐயே தலைப்பாக்கி ஒரு கவிதை இயற்றினார். 1922 செப்டம்பர் 2ஆம் தேதி ஸிட்னியில் காலமானார். சர்க்கார் மரியாதையுடன் வேவர்லி மயானத்தில் அடக்கம் நடந்தது. 1931இல் ஸிட்னிப் பூங்காவொன்றில் நிறுவப்பெற்ற வெண்கலச் சிலையில், லாஸனுக்கு அருகே மூட்டை சுமக்கும் நாடோடித் தொழிலாளி ஒருவனும், ஒரு நாயும், வேலிக் கம்பமும் வடிக்கப்பட்டுள்ளன.