தாம்பரம் – பல்லாவரம் வட்டாரக் கல்குவாரிகள்

சென்னையின் தென்புறநகரில் திரிசூலம், பல்லாவரம், பம்மல், கீழ்க்கட்டளை, நன்மங்கலம், எருமையூர், சிக்கராயபுரம் ஆகிய ஊர்களைச் சுற்றிப் பல தலைமுறைகளாகக் கருங்கல்லும் கிராவலும் வெட்டும் தொழில் நடந்தது. தங்கமோ நிலக்கரியோ இல்லாத இந்த வட்டாரத்தின் கனிம வளம் கல்தான். சென்னையின் அஸ்திவாரங்களுக்கும் சாலைகளுக்கும் போன ஜல்லியில் பெரும்பங்கு இந்தக் குன்றுகளிலிருந்து சென்றது. பெரும்பாலான குழிகளில் இப்போது வெட்டு நின்று தண்ணீர் தேங்கியிருக்கிறது.

இங்குள்ள பாறை சார்னோக்கைட். நீலம் கலந்த கருமை நிறம், கடும் உறுதி, சுமார் 250 கோடி ஆண்டு வயது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றுடன் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் கலந்திருப்பதே இதன் அடையாளம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்தான் போயிற்று. அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். உலகெங்கும் நிலவியல் பாடநூல்களில் இடம்பெறும் இந்தப் பாறைக்கு மூல இடம் பரங்கிமலை – பல்லாவரம் பகுதி. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. தினமும் அவ்வழியே மின்சார ரயிலில் போகிறவர்களில் இதை அறிந்தவர் சிலரே.

இந்தக் கல்லில் முதலில் கைவைத்தவர்கள் குவாரிக்காரர்கள் அல்லர். பல்லாவரம் குன்றில் 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உண்டு. இன்று அது தர்காவாக இருக்கிறது. தொல்லியலும் இங்குள்ள வெட்டுக்குழிக்குக் கடன்பட்டிருக்கிறது. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கிராவல் எடுத்த குழி ஒன்றில்தான் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்கிய இடம் அது.

தொழில்முறை எளிமையானது, ஆபத்தானது. கம்ப்ரஸர் வண்டியிலிருந்து காற்றுக் குழாய் இழுத்து, ஜாக்ஹாமரால் பாறையில் வரிசையாகத் துளை போடுவார்கள். துளைக்குள் வெடிமருந்து கெட்டித்து, சிவப்புக் கொடி காட்டி ஆட்களை விலக்கியபின் வேட்டு வைப்பார்கள். பெயர்ந்து விழும் பெருங்கற்களைச் சம்மட்டியால் உடைத்துக் கிரஷருக்கு ஏற்றுவது அடுத்த வேலை. கிரஷரின் தாடை நொறுக்கியது சல்லடையில் பிரிந்து ஒன்றரை இன்ச், முக்கால், அரை, சிப்ஸ் எனத் தனித்தனியே குவியும். அடியில் மிஞ்சுவது டஸ்ட். நூறு கன அடி ஒரு யூனிட். விலை பேசுவது யூனிட் கணக்கில். கிரஷர் வருமுன் வெயிலில் ஓலைத் தட்டி மறைப்பில் உட்கார்ந்து, பெண்கள் கைச்சுத்தியலால் ஜல்லி உடைத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது உடைத்த அளவுக்கான கூலி. கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் இந்தத் தொழிலின் நோய். முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே கட்டிவைக்கும் வழக்கம், 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் தமிழ்நாட்டுக் குவாரிகளை விட்டுப் போய்விடவில்லை.

1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி கட்டடக்கல்லும் கிராவலும் சிறுகனிமங்கள். அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரம் மாநிலத்துடையது. தமிழ்நாட்டின் சிறுகனிம விதிகள் 1959-இல் வந்தன. மாவட்ட ஆட்சியர் குத்தகை தருவார். குத்தகைதாரர் அரசுக்குரிய சீனியரேஜ் தொகை கட்டி நடைச்சீட்டு பெற்று லோடு அனுப்ப வேண்டும். ஒரே நடைச்சீட்டில் பல நடை அடிப்பது தமிழ்நாடு முழுக்கக் கேட்கும் பழைய புகார். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை கூடாது என்பதும் விதி. மனைப்பிரிவுகள் குன்றின் அடிவாரம்வரை வந்துவிட்ட தென்புறநகரில் அந்த 300 மீட்டர் கிடைப்பது அரிதாயிற்று. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே வெட்ட வேண்டியதையெல்லாம் அதற்குள் பெரும்பாலும் வெட்டி முடித்திருந்தார்கள்.

மிஞ்சிய குழிகள் செங்குத்தானவை, இறங்கிக் கால்வைக்கப் படியற்றவை. கோடையில் குளிக்கப் போகும் பிள்ளைகள் மூழ்கி இறப்பது இந்த வட்டாரத்தில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அதே குழிகள் நகரத்துக்குத் தண்ணீரும் தந்திருக்கின்றன. 2017 வறட்சியில் சிக்கராயபுரத்தின் 22 குவாரிக் குழிகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் நீரை எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துச் சென்னைக்கு அனுப்பியது குடிநீர் வாரியம். 2019 தட்டுப்பாட்டிலும் குவாரி நீர் கைகொடுத்தது. நன்மங்கலம் காப்புக்காட்டின் கைவிட்ட குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.

தொழில் அழியவில்லை, தெற்கே நகர்ந்திருக்கிறது. தாம்பரத்தின் அடுக்குமாடிகளுக்கான ஜல்லியும் எம்-சாண்ட் என்னும் செயற்கை மணலும் இப்போது மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருகின்றன. அங்குள்ள குழிகளுக்காவது வெட்டும்போதே வேலியும் படியும் போட்டுவிட வேண்டும். குத்தகை முடிந்த பிறகு அதற்குப் பொறுப்பேற்க ஆள் கிடைப்பதில்லை என்பதைத் திரிசூலமும் பம்மலும் காட்டிவிட்டன.