முரசும் மறதியும்

அம்மம்மாவுக்கு மறதி கூடியபோது, வயதும் அவர் கண்ட போரும்தான் காரணம் என்றோம். அவருடைய முரசில் இரத்தம் கசிந்து வந்ததை நான் கவனிக்கவில்லை.

முரசு நோயுடன் தொடர்புடைய முக்கிய பற்றீரியாக்களில் ஒன்று போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். இதன் நச்சு நொதியங்கள் அல்சைமர் நோயாளரின் மூளையில் இருந்ததாக 2019இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியான ஆய்வு கூறியது. அந்த நொதியங்களைத் தடுக்கும் மருந்தொன்று 643 பேரிடம் பரிசோதிக்கப்பட்டது. 2021இல் வெளியான முடிவின்படி, ஒட்டுமொத்தமாக அறிவாற்றல் சரிவை அது தடுக்கவில்லை.

2025இல் இங்கிலாந்தின் எக்ஸெற்றர் பல்கலைக்கழகம் 50 வயதைக் கடந்தவர்களை ஆராய்ந்தது. வாயில் நைசீரியா வகைப் பற்றீரியாக்கள் கூடுதலாக இருந்தவர்களின் ஞாபகசக்தி சிறப்பாக இருந்தது. இவை கீரை, பீட்றூட்டிலுள்ள நைத்திரேற்றை மாற்றித் தர, உடல் அதிலிருந்து இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்குகிறது.

ஆனால் இவை தொடர்புகள் மட்டுமே. மறதி வந்தவர் பல் தீட்டவும் மறப்பார். எனவே காரணம் எது, விளைவு எது என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது.

முரசு நோயைக் கட்டுப்படுத்தலாம் என்பது உறுதி. காலையும் இரவும் புளோரைட் பற்பசையால் தீட்டுங்கள். செயற்கைப் பற்களை இரவில் கழற்றிக் கழுவுங்கள். வெற்றிலையையும் புகையிலையையும் விடுங்கள். முரசில் இரத்தம் கசிந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இப்போது இரவில் அம்மம்மாவின் தூரிகையில் நானே பற்பசை வைத்துக் கொடுக்கிறேன். ஞாபகம் திரும்பும் என்றல்ல. பல் வலித்தால் அதைச் சொல்ல அவருக்கு இனி முடியாது.