ஓலையும் அச்சும்: சிற்றூர்ப் பத்திரிகைகளின் மணச் செய்தியும் மரணச் செய்தியும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலில் ஆண்டுதோறும் ஒரு மரணச் செய்தி அறிவிக்கப்படுகிறது. மகப்பேறில்லாத வல்லாள மகாராசனுக்கு அருணாசலேசுவரரே மகனாக வந்தார் என்பது இவ்வூர்த் தலபுராண மரபு. அதனையொட்டி, தைப்பூசத் தீர்த்தவாரிக்குப் பின் அரசன் போரில் மாண்ட செய்தி சுவாமிக்குத் தெரிவிக்கப்படுகிறது. செய்தி கேட்ட சுவாமி மேளதாளமின்றிக் கோயிலுக்குத் திரும்புகிறார். பின்னர் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், மகன் தந்தைக்குச் செய்யும் திதி நடைபெறுகிறது. 1342ஆம் ஆண்டளவில் மதுரைச் சுல்தானின் படையிடம் அகப்பட்டு உயிரிழந்த போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளனையே இம்மரபு நினைவுகூர்கிறது என்பர். இச்சடங்கின் சமயப் பொருளை ஆராய்வது நம் நோக்கமன்று. ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சாவை இன்றும் ஒருவர் சென்று சொல்லவேண்டியிருக்கிறது என்பதே இங்கு நம் கருத்தை ஈர்க்கிறது.

அரசனின் சாவைச் சொல்ல ஆள் உண்டு. ஏனையோர் சாவை யார் சொன்னார்கள்? அச்சும் அஞ்சலும் வருமுன் நம் நாட்டுப்புறங்களில் மணச் செய்தியும் மரணச் செய்தியும் வெவ்வேறு கால்களால் நடந்தன. மணத்துக்கு உறவினரே வெற்றிலை பாக்குடன் வீடுவீடாகச் சென்று, படியேறி, பாயில் அமர்ந்து அழைத்தனர். மரணத்துக்கோ ஊர்ப் பணியாளனாகிய வெட்டியான் அனுப்பப்பட்டான். இழவு சொல்லப் போகிறவன் வெயில் மழை பாராது பல மைல் நடக்கவேண்டும். உறவினர் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நின்றே செய்தியை உரத்துச் சொல்லவேண்டும். கொடுக்கும் தானியத்தையோ சில்லறையையோ பெற்றுத் திரும்பவேண்டும். பறை அறைவதும் சுடுகாட்டுப் பணியும் அவன் தலையிலேயே சுமத்தப்பட்டன. ஊரார் சாவையெல்லாம் சுமந்து நடந்த சேரி மக்களின் குடிசையில் ஒரு சாவு நேர்ந்தபோது, அதனை ஊருக்குச் சொல்ல ஊரார் எவரையும் அனுப்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்காட்டுச் சீமையின் சபைகளில் சேர்ந்தவருள் மிகப் பலர் இம்மக்களே. ஆதலின் மரண அறிவிப்பைப் பற்றிய ஆராய்ச்சியை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதி நம் மாணவர்கள் ஒதுக்கிவிடலாகாது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைக் கவனிப்போம். திருமண அறிவிப்பை ஆலயத்தில் வாசிப்பதை நம் சபைகள் இன்றும் ‘ஓலை வாசித்தல்’ என்கின்றன. மணமக்கள் பெயரைச் சபையார் முன் அறிவித்து, தடை உண்டோ என்று கேட்கும் வழக்கத்தை மேலைத் திருச்சபை முழுமைக்கும் 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதியாக்கியது. அவ்விதி தமிழகத்துக்கு வந்தபோது பனையோலையின் பெயரை ஏற்றுக்கொண்டது. பனையேட்டுக்குப் பதில் தாள் வந்து பல தலைமுறை கடந்தும் பெயர் மாறவில்லை. சாவுச் செய்தி தாங்கிய ஓலையைச் ‘சாவோலை’ என்றனர் நம் முன்னோர். மணத்துக்கும் மரணத்துக்கும் ஒரே மரத்தின் ஏடு பயன்பட்டது.

மேல்நாடுகளில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சிற்றூர் வாரப் பத்திரிகைகள் இப்பணியைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் அரசாங்கப் பதிவு 1837இல்தான் தொடங்கிற்று. அதற்கு முன் ஆலயப் பதிவேடும் பத்திரிகையின் சிறு பத்தியுமே பலருடைய வாழ்வுக்குச் சான்று. அமெரிக்க நாட்டின் புதிய இங்கிலாந்துப் பகுதிகளில் மணச் செய்தி அனுப்புவோர் அச்சுக்கூடத்தாருக்கு மணவிருந்துக் கேக்கில் ஒரு துண்டும் சேர்த்தனுப்பும் வழக்கம் இருந்தது. பத்திராதிபர் அதற்கு நன்றி கூறி ஓரிரு வரி எழுதுவார். கேக் அனுப்பாதவருக்கு அந்த வாழ்த்து வரி கிடைத்திராது என்று நாம் ஐயுறுவதில் தவறில்லை! இவ்வூர்களிலிருந்து கீழைநாடுகளுக்குப் புறப்பட்ட மிஷனெரிமார், வேதப் புத்தகத்தோடும் மருந்துப் பெட்டியோடும் இவ்வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர்.

அது தமிழில் வேரூன்றிய இடம் யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் 1820இலேயே காரெட் என்னும் அச்சுத் தொழிலாளரை அங்கு அனுப்பிற்று. ஆனால் அவர் தங்குவதற்கு ஆளுநர் இணங்கவில்லை. 1830களில் தடை நீங்கி, மைனர் என்பவர் பொறுப்பில் மானிப்பாயில் அச்சுக்கூடம் நிறுவப்பட்டது. 1841 சனவரி 7ஆம் நாள் ‘உதயதாரகை’யின் முதல் இதழ் வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமுமாக மாதம் இருமுறை வந்த அதன் பத்திராதிபர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இரு தமிழர். மானிப்பாய், வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை, உடுவில் யாவும் அந்நாளில் பனந்தோப்புகளும் தோட்டங்களும் சூழ்ந்த ஊர்களே. அவ்வூர்களின் விவாகமும் மரணமும் அரசாங்க அறிவித்தல், வானசாத்திரம், சமய விவாதம் ஆகியவற்றின் அருகே அச்சேறின.

இப்பத்திராதிபர் பெயர்கள் மாணவரைத் திகைக்க வைக்கும். செமினரியில் ஒரு மாணாக்கனின் செலவை ஏற்ற அமெரிக்க அன்பரின் பெயரையோ, அவர் விரும்பிய ஒருவரின் பெயரையோ அம்மாணாக்கனுக்கு இடுவது அக்கால முறை. ஆகவே பத்திரிகையில் காணும் ஓர் ஆங்கிலப் பெயருக்கு உரியவர் அமெரிக்கரோ தமிழரோ என்று முதலில் துணியவேண்டும். தமிழராயின், அவர் தாய் அவரை எப்பெயரால் அழைத்தாள் என்று தேடவேண்டும். ஜே. ஆர். ஆர்னல்ட் என்றும் சதாசிவம்பிள்ளை என்றும் வழங்கப்பெற்ற அறிஞர் (1820–1895) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இவர் உதயதாரகையைப் பல்லாண்டு நடத்தியவர். 1886இல் வெளிவந்த இவரது ‘பாவலர் சரித்திர தீபகம்’ நானூற்றுக்கு மேற்பட்ட புலவர்களின் வரலாற்றைத் தொகுத்துத் தருகிறது. சைமன் காசிச்செட்டி 1859இல் ஆங்கிலத்தில் செய்த தொகுப்பு அதற்கு முன்னோடி என்பது உண்மையே. ஆயினும் பிறந்த ஊர், தந்தை பெயர், இயற்றிய நூல், இறந்த காலம் என்று ஒருவர் வாழ்வைச் சில வரிகளில் அடக்கும் கலையைச் சதாசிவம்பிள்ளை தம் பத்திரிகை மேசையிலும் பயின்றிருக்கவேண்டும் என்பது நம் கருத்து.

மணச் செய்திகளுக்குப் பின்னேயும் ஒரு கதை உண்டு. உடுவிலில் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் கற்ற பெண் கிறிஸ்தவ வாலிபனை மணந்தால் மிஷனே அவளுக்குச் சீதனம் அளித்தது. சீதனமின்றிப் பெண்ணைக் கொள்ளாத சமுதாயத்தில் வேறு வழி காணாது செய்த ஏற்பாடு அது. வட்டுக்கோட்டை ஆணும் உடுவில் பெண்ணும் கூடிய இல்லங்கள் ஒரு புதிய கற்றோர் வகுப்பை உருவாக்கின. அவ்வகுப்பாரின் மணமும் மரணமுமே பத்தியில் மிகுதி. உபதேசியார், ஆசிரியர், வைத்தியர், அரசாங்க உத்தியோகத்தர் ஆகியோர் செய்தியாயினர். அவர்தம் மனைவியர் பெரும்பாலும் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் குமாரத்தி’ என்னும் அளவில் நின்றனர். ‘பிள்ளை’ முதலிய பட்டங்களோ பெயரோடு ஒட்டியே அச்சேறின. ஞானஸ்நானத் தொட்டியில் கரையாத சாதி அச்சுக்கோப்பவரின் பெட்டியிலும் கரையவில்லை.

இனி யாழ்ப்பாணத்திலிருந்து நம் பகுதிக்கு வருவோம். வழி நேரானதே. பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி புரிந்த ஜான் ஸ்கட்டர் 1836இல் சென்னைக்கு மாறினார். யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர் மைந்தர் ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டரும் உடன்பிறந்தாரும் 1853இல் ஆற்காட்டு மிஷனை அமைத்தனர். தந்தை 1855 சனவரியில் தென்னாப்பிரிக்காவில் மரித்தார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு மூத்த பணியாளராகிய தானியேல் பூவர் அடுத்த மாதம் மானிப்பாயில் வாந்திபேதியால் மாண்டார். இருவர் மரணமும் கடல் கடந்து அறிவிக்கப்பட்டன. அந்நாளில் தென்னாற்காட்டைச் சேர்ந்திருந்த திருவண்ணாமலைப் பகுதியில் ஊன்றிய டேனிஷ் மிஷனுக்கோ வேறொரு மூலம் உண்டு. லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொண்டதை ஏற்காது விலகிய கார்ல் ஓக்ஸ், 1860களில் பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணியே அது. பின்னர் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. ஆற்காட்டு மிஷனும் சாதியைக் கைவிடுதலைச் சபை உறுப்புரிமைக்கு நிபந்தனையாக்கிற்று. இவ்விரு சபைகளின் பதிவேடுகளைப் படிப்போர் இப்பின்னணியை மறவாதிருத்தல் வேண்டும். பட்டப்பெயர் விடுபட்டிருப்பது சில இடங்களில் எழுத்தரின் கவனக்குறைவன்று, கொள்கையாகும்.

1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் இச்சபைகளை உலுக்கிற்று. 1871இல் ஏறத்தாழ 20 இலட்சமாக இருந்த வடாற்காட்டு மாவட்ட மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 18 இலட்சமாகக் குறைந்தது. பிறப்பால் மிகவேண்டிய தொகை குறைந்ததென்றால் இழப்பு இவ்வேறுபாட்டினும் பெரிது. மாண்டவருள் நிலமற்ற கூலிகளே மிகுதி. ஆங்கிலப் பத்திரிகைகள் அவர்களை எண்ணிக்கையாக வெளியிட்டன. மிஷன் அறிக்கைகளிலும் அவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையே. கல்லறைக் கல்லும் உதவாது. சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் பெருநூலாகத் தொகுத்தார். அதில் நிறைந்திருப்போர் படைத்தலைவரும் ஆட்சியாளரும் அவர்தம் குழந்தைகளுமாகிய ஐரோப்பியரே. சேரியில் இறந்த கிறிஸ்தவனின் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்குமாயின், அது சபையின் அடக்கப் பதிவேட்டிலேயே இருக்கும். இழவு சொல்லி நடந்தவனுடைய சாவு, மையால், பெயரோடும் நாளோடும் வயதோடும் எழுதப்பட்ட முதல் ஏடு அதுவாக இருக்கலாம். அதனை எழுதியவரும் பல இடங்களில் சம்பளம் குறைந்த ஓர் உபதேசியாரே.

சட்டமும் இத்திசையில் ஓரளவு உதவிற்று. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் மண அறிவிப்பு, பதிவேடு, சான்றிதழ் ஆகியவற்றுக்குப் படிவம் வகுத்தது. சுதேசக் கிறிஸ்தவருக்கு அன்று அது விதித்த வயது ஆணுக்குப் பதினாறுக்கும் பெண்ணுக்குப் பதின்மூன்றுக்கும் மேல். இன்று அது 21, 18. பதிவேட்டில் மணமக்கள் பெயர், வயது, முன் மணநிலை, தொழில், வசிப்பிடம், தந்தை பெயர், கையொப்பம் ஆகியவற்றுக்குப் பத்திகள் உண்டு. ஆராய்வோர் கையொப்பப் பத்தியை நிதானமாகப் பார்க்கவேண்டும். கீறலோ கைரேகையோ இட்ட தாயின் மகள், இருபது ஆண்டுக்குப் பின் அதே ஏட்டில் தன் பெயரைத் தானே எழுதுகிறாளா என்று கண்டால், மிஷன் பள்ளியின் பலனைப் பற்றி எந்த அறிக்கையையும்விட உறுதியான செய்தி கிடைக்கும். 1886இல் வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ விரும்பியவர் பதியலாம் என்ற அளவிலேயே நின்றது.

மரணச் செய்தியின் சொல்வழக்கைப் பற்றியும் சிறிது கூறுவோம். சைவர் ‘சிவபதமடைந்தார்’ என்பர். வைணவர் ‘திருநாடேகினார்’ என்பர். நம்மவர் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்னும் தொடரைக் கைக்கொண்டனர். நினைத்தவுடனே முத்தி தரும் மலை என்று அண்ணாமலையைப் போற்றும் ஊரில் இத்தொடர் தனி ஒலி பெறுகிறது. நித்திரை என்றால் விழிப்பு உண்டு; பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரம் இதன் வேர். ஆனால் பழைய செய்திகளில் இத்தொடர் எல்லார்க்கும் சமமாக வழங்கப்படவில்லை. மதிப்புமிக்கவர் நித்திரையடைந்தார், மற்றவர் வெறுமனே ‘மரித்தார்’. எந்த வினைச்சொல் யாருக்கு வழங்கப்பட்டது என்று ஓர் இதழின் சில ஆண்டுத் தொகுதியைக் கொண்டு கணக்கிடுவது நம் பட்டப்படிப்பு மாணவர் ஒருவருக்கு ஏற்ற ஆய்வுப் பொருள். உயிர்த்தெழுதலைப் பற்றிய சபையின் உபதேசத்துக்கும் அதன் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி அங்கே எண்ணால் புலப்படும்.

இன்றும் சபை இதழ்களில் மண விளம்பரம் தரும் குடும்பத்தார் சாதிப் பெயரை நேராகவோ சுற்றிவளைத்தோ சேர்க்கின்றனர். ஓலை வாசிக்கும் ஆயர் அதே வாலிபரை ‘இச்சபையைச் சேர்ந்தவர்’ என்று மட்டும் அறிவிக்கிறார். இவ்விரண்டு அறிவிப்புகளுள் எது அக்குடும்பத்தின் உண்மையான அறிக்கை என்னும் வினாவை, ஓலை எழுதிக்கொடுக்க வரும் பெற்றோரிடம் ஆயர் கேட்கலாம். கேட்பதற்குத் துணிவு வேண்டும் என்பதையும் அறிவோம்.

பதிவேடுகளின் நிலையோ கவலைக்குரியது. செல்லும் ஈரமும் ஆண்டுதோறும் சில தாள்களைக் கொண்டுபோகின்றன. விடுமுறைப் பணிக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சபையின் ஏட்டையேனும் பக்கம் பக்கமாகப் படமெடுத்தோ கையால் படியெடுத்தோ வரலாம். பெயர்களைத் திருத்தாமல், எழுத்துப் பிழையோடு உள்ளவாறே எழுதிக்கொள்ளவேண்டும். பழைய பெயரும் ஞானஸ்நானப் பெயரும் இருந்தால் இரண்டையும் எழுதவேண்டும். விவாகப் படிவத்தில் தந்தையின் பெயருக்கு மட்டுமே இடமிருப்பதைக் கண்டு அங்கேயே நின்றுவிடலாகாது. மணப்பெண்ணின் தாய் யார் என்று அறிய, அதே அலமாரியிலுள்ள ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, பதினைந்து இருபது ஆண்டு பின்னோக்கித் தேடிப்பார்க்கவேண்டும். அங்கே பெற்றோர் இருவர் பெயருக்கும் இடம் உண்டு.